வினாடிக்கு நூறு முறை அணைந்த விளக்கு

கண்ணுகளா, அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அட்டைச் சக்கரத்தை நான் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தேன். சின்னவள் அழுதாள். பெரியவள் அழவில்லை, என்னை முறைத்துப் பார்த்தாள். உங்கள் அம்மா, “ஏனுங்க, பள்ளிக்கூடத்துக்குன்னு செஞ்ச பொருளு, உங்குளுக்கு என்ன கிறுக்கா?” என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. யார்மேல் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பெரியவள் திருத்தட்டும், அவள் பதினொன்றாவதில் இதையெல்லாம் படிக்கிறாள்.

நான் வேலை பார்க்கும் ஷெட் பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் இருக்கிறது. மோட்டார் பம்புக்கு வேண்டிய வார்ப்புகள் வரும், நாங்கள் கடைந்து, துளை போட்டு அனுப்புவோம். இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு கம்ப்ரஸர். ட்ரில்லிங் மெஷின் ஜன்னல் இல்லாத மூலையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கம்ப்ரஸர். அது ஓடும்போது காதருகில் வந்து கத்தினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம்.

அங்கே ஒரு அக்கா வேலை செய்தார். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியிலிருந்து வருபவர். அவருடைய அப்பா, அம்மா எல்லாரும் களையெடுக்க, கதிரறுக்க என்று காட்டு வேலைக்குப் போனவர்கள். இவர் ஷெட்டைக் கூட்டுவதற்கு வந்தார். ஆறு வருசம் கூட்டினார். கூட்டிக்கொண்டே நாங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் லேத்காரர் வராததால் நான் லேத்துக்குப் போனபோது “நா போடட்டுங்களா?” என்று கேட்டு ட்ரில்லில் நின்றார். முதல் துளையே மார்க் மேல் சுத்தமாக விழுந்தது. அதன்பிறகு அவரும் நானும் மாறி மாறி அந்த மெஷினை ஓட்டினோம். வார்ப்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி, டங்கென்று கணீரென ஒலித்தால் நல்லது, டப்பென்று அமுங்கினால் உள்ளே விரிசல் என்று கண்டுபிடிப்பதில் என்னைவிட அவர் கெட்டிக்காரர். இரும்பு முழுசாக இருந்தால்தான் அதன் வழியே அதிர்வு தடையில்லாமல் ஓடும், விரிசலில் அது செத்துப்போகும். இந்தக் காரணத்தை நான் புத்தகத்தில் படித்தேன். அவர் காதால் படித்தார்.

ட்ரில்லிங் மெஷினின் தலையில் இரண்டு புல்லிகள், நடுவில் பெல்ட். முன்பக்கத்துப் புல்லி முழு வட்டு. மோட்டார் பக்கத்துப் புல்லிக்கு வண்டிச் சக்கரம்போல நாலு ஆரம். துளை பெரிதென்றால் வேகம் குறைய வேண்டும், அதற்குக் கையால் பெல்ட்டைப் புல்லியின் வேறு படிக்கு, வேறு அளவுள்ள பள்ளத்துக்கு, மாற்ற வேண்டும். மேலே ஒரு மூடி இருக்க வேண்டும். அடிக்கடி மாற்றுவதற்கு இடைஞ்சல் என்று அந்த மூடியை எப்போதோ கழற்றிப்போட்டிருந்தார்கள். மெஷின்மேல் கழுத்தை வளைத்துக்கொள்ளும் ஒரு சின்ன குண்டு பல்பும் இருந்தது. கரண்ட் மிச்சம் என்று முதலாளி அதையும் பிடுங்கிவிட்டு, ஷெட் முழுக்க மலிவான எல்.ஈ.டி. ட்யூப் மாட்டச் சொன்னார். மாட்டிய பிறகு மிஞ்சிய ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். அதுதான் நம் வீட்டு முன்னறையில் எரிகிறது.

விபத்து நடந்த அன்று காலையில் நான் ட்ரில்லில் இருந்தேன். துளை போடும் பிட் மழுங்கிவிட்டது. கழற்றி எடுத்துக்கொண்டு சாணை பிடிக்க வெளியே போனேன். மோட்டாரை நிறுத்தவில்லை. “நிறுத்தி நிறுத்திப் போடாதீங்க, ஸ்டார்ட் ஆகறப்பத்தான் கரண்டு இழுக்கும்” என்பது முதலாளி எங்களுக்குச் சொல்லிவைத்திருந்த சட்டம். அது கேட்டுக் கேட்டுக் கைப்பழக்கமாகிவிட்டது. பிட்டைக் கழற்றிவிட்டால் அதை மாட்டும் வழவழப்பான உருளைதான் மிச்சம், சுற்றினாலும் நின்றாலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி. இதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த நேரம் அக்கா பெரிய துளை போட வந்தார். புல்லியைப் பார்த்தார். நாலு ஆரமும் அசையாமல் தெரிந்தன. பெல்ட்டை மாற்றக் கையை விட்டார்.

அலறல்கூட எனக்குக் கேட்கவில்லை. லேத்காரர் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினேன். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதிக்குமேல் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதல் கேள்வியே, “ஏனுங்க்கா, ஓடற மெஷின்ல போயி கைய உட்டீங்க?” என்பதுதான். அவர் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் சொன்னார்: “நின்னுட்டிருந்துச்சுங் தம்பி.” பிறகு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னார். நின்றுகொண்டிருந்தது, நின்றுகொண்டிருந்தது. ஷெட் சூப்பர்வைசர் வெளியே வந்து சிரித்தார். “நிக்கற சக்கரம் எப்படீங்க வெரலக் கடிக்கும்? காட்டு வேலைக்குப் போறவங்களக் கொண்டாந்து மெஷின்ல உட்டா இப்படித்தானுங்க.” நானும் அங்கேதான் நின்றேன். 

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். டைப் அடித்தது. ‘இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் கவனக்குறைவாகக் கை வைத்ததால் விபத்து ஏற்பட்டது.’ சாட்சி என்று கீழே என் பேர். “மோட்டாரை ஓட உட்டுட்டுப் போனது யாருன்னு இதுல எழுதலீங்க. உங்க நல்லதுக்குத்தான். கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார். அக்கா கையை விட்டபோது நான் சாணைக்கல்லுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன். எதையும் பார்க்காத சாட்சி. போட்டுக் கொடுத்தேன். பெரிய எழுத்தில், முழுப் பெயரும் தெரிகிற மாதிரி.

அக்காவுக்குக் காயம் ஆறியது. ஷெட்டுக்கு வந்தார். முதலாளி வாசலிலேயே நிறுத்திப் பேசினார். “ஏனுங்க அம்மணி, கை எப்படி இருக்குதுங்க? சாப்டீங்களா? மெஷினு இனி உங்குளுக்கு வேண்டாமுங்க. கூட்டறதுக்கு வேணா வாங்க.” வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்வார்கள், நாய்க்குட்டியைத் துரத்தினாலும் ‘போங்க’ என்போம் என்று. நான் அதைப் பெருமையாக நினைத்தவன். அந்த ‘ங்க’வை வைத்துக்கொண்டே ஒருத்தரை வாசலோடு எப்படி முடிப்பது என்று அன்றைக்குப் பார்த்தேன். குரல் உயரவே இல்லை. அக்கா திரும்பிப் போனார்.

இதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் நீங்கள் அட்டையை வட்டமாக வெட்டி, கறுப்பு மையால் நாலு கோடு போட்டு, பழைய பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டாரில் ஒட்டி, முன்னறை ட்யூபின் கீழே சுற்றினீர்கள். முதலில் கோடுகள் கலங்கிச் சாம்பலாகத் தெரிந்தன. பேட்டரி தளர்ந்து வேகம் குறைந்தது. திடீரென்று நாலு கோடும் தெளிவாக, அசையாமல் நின்றன. பெரியவள் கத்தினாள்:

“அப்பா, இங்க பாருங்க! நின்னுட்டிருக்குது! ஆனா நிக்கலீங்ப்பா!”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அதனால்தான் பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் காலையில் பெரியவளிடம், “அம்மணி, அதைச் சித்தெ எனக்குச் சொல்லிக் குடு” என்றேன். அவள் கோபம் ஆறாமலே சொல்லிக்கொடுத்தாள்.

“கரண்டு நம்ம வீட்டுக்கு ஒரே பக்கமா வர்றதில்லைங்ப்பா. ஒரு வினாடிக்கு ஐம்பது தடவை முன்னயும் பின்னயும் ஆடுது. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ரெண்டு வாட்டி ஒன்னுமில்லாமப் போகுது. அப்பெல்லாம் இந்த ட்யூபு அணையுது. நூறு தடவை அணைஞ்சு நூறு தடவை எரியுது.”

“ஒளி அலைன்னு நான் படிச்சது இதுதானா?”

“இல்லீங்ப்பா. அது வேற. ஒளியோட அலை ஒரு வினாடிக்குக் கோடி கோடித் தடவை ஆடும். இது கரண்டோட ஆட்டம். வெளிச்சம் கூடிக் கொறையறது மட்டுந்தான்.”

“அப்ப நமக்கு ஏன் தெரியல?”

“கண்ணு அவ்வளவு வேகத்தைப் பிரிச்சுப் பாக்காது. காது புடிச்சுரும். ட்யூபுகிட்டக் காதை வெச்சுப் பாருங்க.”

நாற்காலி போட்டு ஏறி வைத்துப் பார்த்தேன். ‘ம்ம்ம்’ என்று ஒரு கனத்த இரைச்சல். அதே நூறு. வினாடிக்கு நூறு முறை எதையாவது அதிர வைத்தால், அது காற்றைத் தள்ளித் தள்ளி அந்தக் குரலாக வந்து சேர்கிறது. காதுக்கு அது ஒரு சத்தம். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை, நிறைந்த வெளிச்சம்.

கண்ணுகளா, இதை நிதானமாகப் படியுங்கள். நாலு ஆரம் உள்ள புல்லி வினாடிக்கு இருபத்தைந்து சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். சுமை இல்லாமல் சும்மா ஓடும்போது அந்த மோட்டாரின் வேகம் ஏறக்குறைய அதுதான். விளக்கு ஒருமுறை எரிந்து அடுத்தமுறை எரிவதற்குள் புல்லி சரியாகக் கால் சுற்று போயிருக்கும். முதல் ஆரம் இருந்த இடத்தில் இரண்டாவது ஆரம் வந்து நிற்கும். நாலும் ஒரே மாதிரி. வந்தது வேறு ஆரம் என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? சக்கரம் அசையவே இல்லை என்றுதான் தெரியும். அவர்கள் பிடுங்கிப்போட்ட குண்டு பல்பில் இது நடக்காது. அதன் உள்ளே இருக்கும் கம்பி பழுக்கக் காய்ந்திருப்பதால் அந்தச் சின்ன இடைவெளியில் அணைய நேரமில்லை. சக்கரம் சுற்றினால் சுற்றுவதாகவே தெரியும்.

காது காப்பாற்றியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் பக்கத்திலேயே கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. பெரிய அதிர்வு வந்து காதை நிறைக்கும்போது சின்ன அதிர்வு உள்ளே வந்தும் வராத மாதிரிதான்.

சூலூரில் உங்கள் மாமா வீட்டு மொட்டை மாடியில் விமானம் போவதை நான் உங்களுக்குக் காட்டினேன் அல்லவா? சத்தம் வரும் திசையில் விமானம் இருக்காது, அது முன்னால் போயிருக்கும். ஒளி உடனே வந்துவிடும், ஒலி மெதுவாக நடந்து வரும், அதனால் கண்ணை நம்புங்கள் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொன்னேன். அக்காவும் கண்ணைத்தான் நம்பினார். பத்தாவதில் ‘ஒலி நெட்டலை, ஒளி குறுக்கலை’ என்று நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன், மதிப்பெண்ணும் போட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷியின் கையைத் தின்னும் மூலை ஒன்று நான் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே? தெரியாமல் கையெழுத்து எதற்குப் போட்டேன்?

பெரியவள் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே, ஷெட்டுக்குப் போனதும் முதலாளியை மூலைக்கு வரச் சொன்னேன். சூப்பர்வைசரும் வந்தார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் பேசினேன்.

“மோட்டார் ஓடுதுங்களா, நிக்குதுங்களா? சொல்லுங்க.”

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். ஆரங்கள் தெளிவாகத் தெரிந்தன. காற்றில் அசைவது மாதிரி மெல்ல, பின்பக்கமாக, ஒரு நகர்வு. அவ்வளவுதான். “நின்னுட்டிருக்குது. என்னங்க இப்ப?”

“கைய உட்டுப் பாக்கறீங்களா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார், கையை விடவில்லை. நான் சுருட்டி வைத்திருந்த நாளிதழை உள்ளே நீட்டினேன். நிற்கிற சக்கரம் அதை என் கையிலிருந்து பறித்து, கிழித்து, எங்கள் மூவர் மேலும் துண்டு துண்டாக இறைத்தது. சூப்பர்வைசர் துள்ளிப் பின்னால் போய் லேத்தில் இடித்துக்கொண்டார். லேத்காரர், “நிக்கற சக்கரம் கடிக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளி சட்டையிலிருந்து காகிதத்தைத் தட்டிவிட்டார். ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“பத்தாவது படிச்சுப்போட்டு நல்லாத்தானுங்க பிசிக்ஸ் சொல்றீங்க. சரிங்க. ட்யூபு மாத்திரலாம். குண்டு பல்பும் போட்டுக்கலாம். மூடியும் மாட்டச் சொல்றேன்.”

“அக்காவைத் திருப்பி மெஷினுக்குக் கூப்புடுங்க. அவங்க சொன்னது பொய் இல்லீங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமுங்க? காயிதம் கவர்மெண்ட் ஆபீசுக்குப் போயாச்சு. அதுல சாட்சி நீங்கதான். இப்ப நீங்களே மாத்திச் சொன்னீங்கன்னா, மோட்டாரை ஓட உட்டுட்டுப் போனது யாருன்னு கேப்பாங்களா, மாட்டாங்களா? உங்குளுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக. யோசிச்சுக்குங்க.”

“ஓட உடச் சொன்னது நீங்க.”

“நா எழுத்துலயா சொன்னேன்?” என்று கேட்டு, “டீ சாப்புட்டுட்டுப் போங்க” என்றார்.

சக்கரம் சுற்றுவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். பார்த்த பிறகும் அந்தக் காகிதம் அப்படியே இருக்கட்டும் என்கிறார். சக்கரம் ஏமாற்றியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, அதற்கு மனசு இல்லை. டீ சாப்பிடாமல் வந்தேன். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வலது கையின் மிச்ச விரல்களில் வெங்காயத்தைப் பிடித்து, இடது கையால் தோலெடுத்தார். உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டின் ஆட்டம், ட்யூப், கால் சுற்று, உங்கள் அட்டை. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

“எத்தன தடவைங் அணையுதுன்னீங்க?”

“நூறுங்க்கா. ஒரு வினாடிக்கு.”

“நூறு எண்ணறதுக்கு எனக்கு இனி வெரலு பத்தாதுங் தம்பி” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் உடனே நிறுத்திக்கொண்டார்.

“ஆசுபத்திரில நீங்க கேட்டீங்க. நா என்னங் சொன்னேன்?”

“நின்னுட்டிருந்துச்சுன்னு சொன்னீங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“உங்க அம்மணி அட்டையச் சுத்திக் காட்டுனா உங்குளுக்குப் புரியுது. நா ரெண்டு வெரலக் குடுத்துச் சொன்னேன், புரியல.” வெங்காயத் தோலை ஒதுக்கினார். “நா படிக்காதவதான். அதுக்காக, நிக்கறதுக்கும் ஓடறதுக்கும் வித்தியாசம் தெரியாதவளா? ஆறு வருசம் அந்த மெஷினச் சுத்தியும் கூட்டுனவ நானு.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அதெல்லாம் வேண்டாமுங். எனக்குக் கூட்டற வேல வேண்டாம், ட்ரில்லு வேணும். மூணு வெரல்ல என்னால ஓட்ட முடியும், நா ஊட்டுல சும்மா கையிலயே ஓட்டிப் பாத்துப்போட்டேன்.” ட்ரில்லின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல வெற்றுக் கையை மடக்கிக் காட்டினார். “என்னைய அவங்க பொய் சொல்றவளா எழுதி வெச்சிருக்கறாங்க. அதுல உங்க பேரு இருக்குது. எழுதுனதை எழுத்துல மாத்துங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போட்டுப் போங்க.”

“எழுதறேனுங்க்கா.”

“வெங்காயம் கொஞ்சம் கொண்டு போறீங்களா?” என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

வேலை போகலாம். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், “எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க” என்றாள். எனக்கு அதுவே போதும். அடுத்தவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது, அது உங்களுக்கு நம்ப முடியாததாக இருந்தால், சிரிக்காதீர்கள். எப்படி அப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கோயம்புத்தூர் போனேன். தொழிற்சாலைகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தின் விலாசம் கவரில் எழுதியிருந்தது. பீளமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தபாலாபீஸில் சாய்வு மேஜைக்கு முன்னால் நின்று, ஒட்டுவதற்கு முன் உள்ளே வைத்திருந்த என் வாக்குமூலத்தை ஒருமுறை படித்தேன். மோட்டாரை ஓடவிட்டுப் போனது நான் என்று எழுதியிருந்தேன். ஓடவிடச் சொன்னது யார் என்றும் எழுதியிருந்தேன். நான் எதையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றும் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘அந்த வெளிச்சத்தில் சக்கரம் நிற்பதுபோல் அவருக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று ஒரு வரி.

பேனாவை எடுத்து ‘தெரிந்திருக்கலாம்’ என்பதை அடித்தேன். மேலே ‘தெரிந்தது’ என்று எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் போடவேண்டிய கையெழுத்தைப் போட்டேன்.